அமைவும் திரும்ப வேண்டும்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் நாம் கூடியிருக்கும் இந்தச் சாலையில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்கு எழுதப்பட்டு வருகிறது. பள்ளிவாசலின் வக்பு நிலக் கணக்கு, பொற்கொல்லரின் எடைக் கணக்கு, பணமாற்றுக் கடைகளின் அன்றாட விலைக் கணக்கு என்று எல்லாம் இங்கே புழங்கியவை. ஓலையும் பேரேடும் போய் இப்போது கணினி வந்திருக்கிறது. 2017 நவம்பர் 4, 5 தேதிகளில் பினாங்கைத் தாக்கிய பெருமழையில் ஜார்ஜ் டவுனின் பல தெருக்களில் வெள்ளம் கடைகளுக்குள் ஏறியதை இங்குள்ள யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கடைமுன் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டி உள்ளே வரும் தண்ணீர் முதலில் தொடுவது மேசைக்கடியில் தரையில் கிடக்கும் கணினிப் பெட்டியைத்தான். பக்கத்து இழுப்பறையில் ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்த பேக்கப்பும் அதே தண்ணீரில்தான் ஊறும். ஆகவே காப்பு நகல் ஒன்று கடைக்கு வெளியே, இணையவழிச் சேவை ஒன்றில் இருக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. நான் பேச வந்தது அதற்கு அடுத்த படியைப் பற்றி. சேவையிலிருந்து கோப்புகள் எல்லாம் திரும்பி வந்தாலும், கணினியின் அமைவுகள் திரும்பாவிட்டால் வேலை திரும்பாது. நாம் நம்பியிருக்கும் சேவைகளில் பலவும் இந்த அமைவுகளை எடுத்துவைப்பதே இல்லை. சில பாதியை மட்டும் எடுத்துவைக்கின்றன. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இதனால் வரும் இழப்பு மற்றவர்களுக்கு வருவதைவிடப் பெரிது.

அமைவு என்று நான் சொல்வது, எல்லாரும் செட்டிங்ஸ் என்று சொல்வதைத்தான். எந்த மொழியில் திரை பேச வேண்டும், எந்த விசைப்பலகை, எந்த நேர மண்டலம், எந்த அச்சுப்பொறிக்கு எந்த அளவுத் தாள், யாருக்கு எந்தக் கோப்பைத் திறக்க உரிமை, கணக்கு மென்பொருள் தன் தரவை எந்தக் கோப்புறையில் தேட வேண்டும் என்பன போன்ற ஆயிரக்கணக்கான சிறு முடிவுகள் அவை. யாரும் ஒரே நாளில் உட்கார்ந்து எடுத்தவை அல்ல. ஆண்டுக்கணக்கில் ஒன்றொன்றாகப் படிந்தவை. அதனால்தான் அவை கண்ணில் படுவதில்லை. ஒரே ஓர் அமைவை எடுத்துக்கொள்வோம். வங்கியிலிருந்து இறக்கிய பட்டியலில் 05/04/2025 என்று இருக்கிறது. மலேசியாவில் இது ஏப்ரல் 5. புதிதாக நிறுவிய கணினி அமெரிக்க வட்டார அமைவில் நின்றுவிட்டால், விரிதாள் இதையே மே 4 என்று படிக்கும். 25/04/2025 என்று வந்தாலோ, 25-ஆவது மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக விட்டுவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள் வரவு இடம் மாறி உட்காரும். மீதி நாள் வரவு கூட்டலில் சேராமல் நிற்கும். கோப்பில் ஓர் எழுத்தும் கெடவில்லை. கணக்கு மட்டும் கெட்டுவிட்டது. இந்த நாட்டின் நேரமே ஒருமுறை மாற்றி அமைக்கப்பட்டதுதான்: 1982 ஜனவரி 1 முதல் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரை மணி முன்னே நகர்ந்தன. அது நாடறிய அறிவித்துச் செய்த மாற்றம். கணினி தன் அமைவை இழக்கும்போது யாருக்கும் அறிவிப்பு வருவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். கணினித் தமிழின் வரலாற்றில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் முரசு மென்பொருளை 1985-இலேயே உருவாக்கத் தொடங்கியவர். யூனிகோடில் தமிழுக்கு 1991-இல் இடம் கிடைத்தது. ஆனால் விண்டோஸ் அதை உள்ளபடி ஏற்றது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-இல். இடைப்பட்ட காலத்தில் தமிழர்கள் எழுதிக் குவித்த கடிதங்கள், மலர்கள், கோயில் கணக்குகள், பள்ளி வினாத்தாள்கள் எல்லாம் ஆளுக்கொரு எழுத்துருக் குறியீட்டில் இருக்கின்றன. அவற்றின் உள்ளே இருப்பது என்ன என்று பாருங்கள். பாமினி எழுத்துருவில் 'அம்மா' என்று தட்டி வைத்த கோப்பில் கணினி சேமித்திருப்பது ஐந்து ஆங்கிலக் குறிகள்: எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி நிறுவியிருக்கும் கணினியில் அவை அகரமும் மகரமும் புள்ளியும் காலும் ஆகித் தெரியும். நிறுவாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தெரியும். அந்தக் கோப்பை இணையச் சேவை ஒரு பைட்டும் குறையாமல் காத்துத் திருப்பித் தந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதில் தமிழ் இருக்கிறதா? தமிழ் இருந்தது எழுத்துருவில். எழுத்துரு இருந்தது விண்டோஸ் கோப்புறைக்குள்ளே. அந்தக் கோப்புறையைத்தான் பல சேவைகள் 'இது இயங்குதளத்தின் பகுதி' என்று ஒதுக்கிவிடுகின்றன. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டால் தீராதா என்று கேட்கலாம். தீரும், மாற்றத்தான் வேண்டும், மாற்றிகளும் கிடைக்கின்றன. ஆனால் மாற்றிக்கு முதலில் சொல்ல வேண்டியது, இந்தக் கோப்பு பாமினியா, டிஸ்கியா, டேபா, வேறொன்றா என்பது. அந்த விவரம் வாழ்ந்ததும் பழைய கணினியின் எழுத்துருப் பட்டியலில்தான். விசைப்பலகையின் கதையும் இப்படியே. அஞ்சல் முறையில் பழகிய கைக்குத் தமிழ்99 அந்நியம். தட்டச்சுப்பொறி முறையில் பழகியவருக்கு இரண்டுமே அந்நியம். புதுக் கணினியில் ஏதோ ஒரு தமிழ் விசைப்பலகை இருக்கிறது என்பது அவருக்கு ஆறுதல் ஆகாது.

தரவு ஒன்று, அதைப் படிப்பதற்கான ஏற்பாடு மற்றொன்று என்பதற்கு இந்தச் சாலையே சான்று சொல்லும். இதன் பழைய பெயர் பிட் ஸ்திரீட். பிரிட்டிஷ் பிரதமர் வில்லியம் பிட்டின் பெயரால் வைத்தது. பழைய பத்திரத்தில் பிட் ஸ்திரீட் என்று இருக்கும் மனையை இன்றைய வரைபடத்தில் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, பிட் ஸ்திரீட்டும் இந்தச் சாலையும் ஒன்றே என்று அறிந்தவர் சொன்னால் ஒழிய. இங்குள்ள பள்ளிவாசலுக்கு நிலம் கிடைத்தது 1801-இல், கப்பித்தான் என்ற சமூகத் தலைவராக இருந்த காதர் முகைதீன் காலத்தில். நிலமும் வருமானமும் இருந்தும் அறக்கட்டளைகளின் நிர்வாகம் சீர்கெட்டதால், 1905-இல் முகமதிய, இந்து அறக்கட்டளைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றி வாரியம் அமைக்க வேண்டி வந்தது. சொத்து அப்படியே இருக்க, அதை யார் எந்த முறையில் நடத்துவது என்ற ஏற்பாடு குலைந்தால் என்ன ஆகும் என்பதை இந்தத் தெரு கணினி வருவதற்கு நெடுங்காலம் முன்பே கண்டிருக்கிறது.

கணினி உலகில் இதற்கு மிகப் பெரிய சான்று மெர்ஸ்க் கப்பல் நிறுவனம். 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நச்சு நிரல், உக்ரைனில் பலரும் பயன்படுத்திய ஒரு கணக்கு மென்பொருளின் புதுப்பிப்பு வழியாகப் பரவியது. மெர்ஸ்க்கின் கணினிகள் உலகெங்கும் அணைந்தன. மும்பையை அடுத்த ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்தும் முனையமும் முடங்கியது. நிறுவனத்திடம் காப்பு நகல் இல்லையா? இருந்தது. ஏறத்தாழ எல்லா சர்வர்களுக்கும் மூன்று நாள் முதல் ஏழு நாள் வரை பழைய நகல்கள் கைக்கு எட்டின. கிடைக்காமல் போனது ஒன்றே ஒன்று: டொமைன் கண்ட்ரோலர். யார் எந்தக் கணினிக்குள் நுழையலாம், எதைத் திறக்கலாம் என்ற அமைவுகள் அனைத்தையும் வைத்திருக்கும் இயந்திரம் அது. அப்படி 150 அளவில் இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றுக்கு நகலாக இருந்ததால், தனிக் காப்பு தேவை என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் அழியும் என்று எண்ணியிருக்கவில்லை. கடைசியில் ஒன்று மட்டும் பிழைத்திருந்தது, ஆப்பிரிக்காவின் கானாவில். தாக்குதல் வந்த நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அது வலைப்பின்னலிலிருந்து துண்டாகி நின்றது. அதிலிருந்த பல நூறு கிகாபைட்டை இணையம் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பப் பார்த்தார்கள். இணைப்பின் வேகத்துக்கு அது பல நாள் வேலை. கானா ஊழியர்களிடம் பிரிட்டிஷ் விசா இல்லை. ஆகவே ஒருவர் நைஜீரியா வரை பறந்து, விமான நிலையத்தில் ஹார்ட் டிஸ்கை இன்னொருவர் கையில் கொடுக்க, அவர் லண்டனுக்கு எடுத்துப் போனார். அதன் பிறகே மீட்பு வேலை சூடு பிடித்தது. 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் 2,500 மென்பொருள்களையும் பத்து நாளில் திரும்ப நிறுவியதாக நிறுவனத் தலைவர் ஜிம் ஸ்னாபே மறு ஆண்டு டாவோஸில் கூறினார். இழப்பு 25 கோடி முதல் 30 கோடி டாலர் என்று நிறுவனமே மதிப்பிட்டது. கோப்புகளின் நகல்கள் கையில் இருந்தும், அமைவு ஓர் ஊரில் தற்செயலாகப் பிழைத்திருந்ததால்தான் அவை பயன்பட்டன.

அது பெரிய நிறுவனம், நம் கடைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நம் கடைக் கணினியில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விண்டோஸ் தன் அமைவுகளில் பெரும்பகுதியை ரெஜிஸ்ட்ரி என்ற களஞ்சியத்தில் வைக்கிறது. முன்பெல்லாம் அதற்கு ஒரு நகலை ரெக்பேக் என்ற கோப்புறையில் தானே எடுத்துவைக்கும். 2018-இல் வந்த விண்டோஸ் 10, 1803 பதிப்பு முதல் அந்த வேலையை நிறுத்திவிட்டது. வட்டில் இடம் மிச்சப்படுத்த வேண்டுமென்றே செய்த மாற்றம் என்று மைக்ரோசாப்ட் பின்னர் விளக்கியது. இதில் என்னை உறுத்துவது, கோப்புறையைத் திறந்தால் கோப்புகள் இன்னமும் அதே பெயர்களில் வரிசையாக நிற்கும் என்பதே. அளவு என்ற இடத்தில் ஒவ்வொன்றுக்கும் எதிரே சுழியம் என்று போட்டிருக்கும். பெயரைப் பார்த்து நம்பியவர் இடிந்துபோவார். இணையச் சேவைகளைப் பார்த்தால், பேக்பிளேஸ் போன்ற சேவையின் தனிநபர் திட்டம் பயனரின் கோப்புகளைத் தாராளமாக ஏற்றிக்கொள்கிறது. இயங்குதளத்தையும் நிறுவிய மென்பொருள்களையும் எடுப்பதில்லை. அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை, படிக்காத நம்மிடம் இருக்கிறது. விண்டோஸுடனேயே வரும் விண்டோஸ் பேக்கப் இதில் ஒரு படி மேல். மொழி, அகராதி, வைஃபை கடவுச்சொல், திரைத் தோற்றம், அணுகல் வசதிகள் முதலியவற்றை மைக்ரோசாப்ட் கணக்கில் ஏற்றிவைக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபோது, பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மேலும் ஓராண்டு பெறுவதற்கு அந்நிறுவனம் வைத்த வழிகளில் ஒன்று 30 டாலர் கட்டுவது. மற்றொன்று, இந்த பேக்கப் வழியாக அமைவுகளை ஏற்றிவைத்துக் கட்டணமின்றிப் பெறுவது. இரண்டாம் வழியில் போனவர்கள் தம் கணினி முழுக்கக் காக்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்வது இயல்பு. ஆனால் கட்டணமின்றிக் கிடைக்கும் இடம் 5 கிகாபைட். மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து எடுத்த செயலிகள் திரும்ப இறங்கும். வெளியே வாங்கி நிறுவிய கணக்கு மென்பொருளுக்குப் பழைய இடத்தில் சின்னம் மட்டும் நிற்கும், அதன் உள்ளமைவுகள் வாரா. இன்னொன்று: மீட்கும் வாய்ப்பு பொதுவாகப் புதுக் கணினியை முதன்முதலில் இயக்கும்போது வருவது. அவசரத்தில் 'புதுக் கணினியாக அமை' என்று தட்டிவிட்டால், ரீசெட் செய்து முதலிலிருந்து வர வேண்டியிருக்கும். கைப்பேசிக் காப்புக்குக் காலக்கெடுவும் உண்டு. ஆண்ட்ராய்டுக் கருவியை 57 நாள் பயன்படுத்தாவிட்டால் கூகுள் காப்பை அழித்துவிடலாம். ஐகிளவுட் காப்பை நிறுத்தினால் கடைசி நகல் 180 நாள் வரைதான் இருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வலுவான வாதம், இப்போது எல்லாமே உலாவிக்குள் போய்விட்டது என்பது. கணக்கும் மின்னஞ்சலும் இணையத்தில் இருக்கும்போது, எந்தக் கணினியில் உட்கார்ந்தாலும் கடவுச்சொல்லைத் தட்டினால் போதாதா? இதில் பெருமளவு உண்மை இருக்கிறது; அமைவுகள் இருக்கும் இடம் உண்மையிலேயே மாறிக்கொண்டு வருகிறது. ஆனால் அந்தக் கடவுச்சொல் எங்கே இருக்கிறது? பலருக்கு அது அழிந்துபோன கணினியின் உலாவியில் சேமித்த கடவுச்சொல். இரண்டாம் சரிபார்ப்புக்கான எண் வருவது அதே வெள்ளத்தில் நனைந்த கைப்பேசிக்கு. பெட்டியைப் பூட்டிச் சாவியையும் பெட்டிக்குள்ளேயே போட்ட கதை. இப்போது வரும் விண்டோஸ் 11 கணினிகள் பலவும் வட்டைத் தாமே மறையாக்கம் செய்துவிடுகின்றன. பழைய கணினியின் வட்டைக் கழற்றி வேறொன்றில் மாட்டிப் படிக்கலாம் என்ற நம்பிக்கை அங்கே செல்லாது. 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். மனிதர் நினைவில் நிற்காத, திரும்ப உருவாக்க முடியாத எண் அது. எல்லாம் உலாவிக்குள் போனதால் அமைவுகளின் எண்ணிக்கை குறைந்தது, எஞ்சிய சிலவற்றின் விலை பல மடங்கு ஏறிவிட்டது.

இரண்டாவது எதிர்வாதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பழைய அமைவுகளைக் கொண்டுவருவது பழைய நோயையும் கொண்டுவருவதாகும், வெறுமையாக நிறுவித் தொடங்குவதே நல்லது என்பது அது. அனுபவமுள்ள தொழில்நுட்பர் பலரும் இதைச் சொல்வார்கள். நச்சு நிரல் தாக்கிய கணினியின் முழுப் படிமத்தையும், அதாவது வட்டின் அச்சொட்டான நகலையும், அப்படியே மீட்டால், உள்ளே ஒளிந்திருந்ததும் மீண்டு வரும், அது உண்மை. இங்கேதான் 'எந்த நாளுக்குத் திரும்புவது' என்ற கேள்வி எழுகிறது. எதிரே உள்ள பள்ளிவாசலைப் பாருங்கள். 1801-இல் எழுந்த கட்டடம் ஒன்று; இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டடக் கலைஞர் நியூப்ரோனர் மொகலாயச் சாயலில் மாற்றி எழுப்பியது ஒன்று; 1930-களில் விரிந்தது ஒன்று. அதைப் புதுப்பிப்பவர் 1801-க்குத் திரும்புவதில்லை. எதை வைத்துக்கொள்வது, பிற்காலத்தில் ஒட்டிய எந்தப் பூச்சை நீக்குவது என்று பார்த்துத் தேர்கிறார். அப்படித் தேர்வதற்கு, எந்தக் காலத்தில் என்ன இருந்தது என்ற வரைபடமும் குறிப்பும் கையில் வேண்டும். கணினிக்கும் அதுவே. வட்டு செத்துப்போனால் முழுப் படிமத்தை மீட்கலாம். நச்சு நிரல் வந்திருந்தால் வெறுமையாக நிறுவி, எழுதிவைத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் அமைவாகக் கையால் திரும்ப வைக்க வேண்டும். புதிதாகத் தொடங்கச் சொல்பவர்களுக்கும் அந்தப் பட்டியல் வேண்டும். இல்லாவிட்டால் அவர்கள் தொடங்குவது நினைவிலிருந்து.

அந்தரங்கம் பற்றிய அச்சமும் நியாயமானது. வாடிக்கையாளரின் கடவுச்சீட்டு விவரத்தை வைத்திருக்கும் பணமாற்றுக் கடை அதைக் கடல் கடந்த சர்வரில் ஏற்றும் முன் யோசிக்கத்தான் வேண்டும். மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தப்படி, 2025 ஜூன் 1 முதல் தரவுக் கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆனால் வருமான வரிச் சட்டம் கணக்கை ஏழு ஆண்டு வைத்திருக்கச் சொல்கிறது. தொலைத்துவிட்டேன் என்பது அங்கே பதில் ஆகாது. ஏற்றும் முன் தம் சாவியால் மறையாக்கம் செய்யும் சேவைகள் இருக்கின்றன. அந்தச் சாவியையும் மீட்புச் சாவியையும் தாளில் எழுதி, வேறு வீட்டில், மேல்மாடியில் வைக்கலாம். தாள் பழைய முறைதான். அதை யாரும் இணையம் வழியாகத் திருட முடியாது.

காப்பை மீட்டுப் பார்க்க நேரமில்லை என்பதே சிறு கடைக்காரர்களின் கடைசிப் பதில். அவர்களுக்கு ஒரே ஒரு சான்று சொல்கிறேன். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் சேவையின் பொறியாளர் ஒருவர், துணைத் தரவுத்தளத்தில் தட்ட வேண்டிய அழிப்புக் கட்டளையை முதன்மைத் தரவுத்தளத்தில் தட்டிவிட்டார். 300 கிகாபைட்டில் மிஞ்சியது 4.5. இணையத்தில் வைத்திருந்த காப்பைத் தேடிப் போனால் அந்த இடம் காலியாக இருந்தது. காப்பெடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6 பதிப்பு, பொருந்தாததால் காப்பு நின்றுபோயிருந்தது. நின்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் இன்னோர் அமைவுப் பிழையால் சேரவில்லை. அன்று வேறொரு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்துவைத்திருந்த ஆறு மணி நேரப் பழைய நகல்தான் காப்பாற்றியது. அவர்கள் கணினியே தொழிலாகக் கொண்டவர்கள். ஒருமுறை மீட்டுப் பார்த்திருந்தால் அந்த வெறுமை முன்பே தெரிந்திருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. ஆண்டில் ஒரு நாள், கடை அடைக்கும் நாளாகப் பார்த்து, ஒரு மடிக்கணினியை வெறுமையாக்கி, கடைக் கணினியைத் தொடாமல், இணையச் சேவையிலிருந்தும் தாளிலிருந்தும் மட்டும் எடுத்து எழுப்பிப் பாருங்கள். முதலில் கணக்குக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். பலர் அங்கேயே நின்றுவிடுவார்கள், அன்றைக்கே அது தெரிந்தது நல்லதாகும். பிறகு ஒரு பழைய தமிழ்க் கடிதத்தைத் திறந்து எழுத்து வருகிறதா என்று பாருங்கள். விசைப்பலகையில் கடையின் பெயரைத் தட்டுங்கள். வங்கிப் பட்டியலை இறக்கி, 5-ஆம் தேதி வரவும் 25-ஆம் தேதி வரவும் ஒரே மாதத்தில் நிற்கின்றனவா என்று சரிபாருங்கள். கடைசியாக ரசீது ஒன்றை அச்சிடுங்கள். வராததை எல்லாம் அந்த ரசீதின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதி, மீட்புச் சாவி இருக்கும் உறைக்குள் வையுங்கள். அடுத்த ஆண்டு தொடங்க வேண்டிய இடம் அது.